என்னைவிட மூத்த வண்டிகள்

சுவிஸில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஹீற்றர் பூட்டிய அறை உண்டு. பேர்ண் நகரத்தில் பயிற்சியின் இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டு மேசையில் இது எனக்குத் தெரியவந்தது. அன்று பிடித்த கோபம் ஊர் திரும்பும்வரை ஆறவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் ஏரிகளும் பனிமலைகளும் அதிகம் வராது. அவற்றை நின்று பார்க்கிற மனநிலை எனக்கு வாய்க்கவில்லை.

நான் கிளிநொச்சியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கிருந்துதான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னர் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பேர்ணில் மதியச் சாப்பாடு என்றால் குளிர்ந்த பாண், குளிர்ந்த சீஸ், குளிர்ந்த இலைகள். அந்த மேசையில் என் எதிரே இருந்தவர் மார்க்குஸ், அங்குள்ள ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். நல்ல மனிதர். தொலைபேசியில் ஒரு மோட்டார் சைக்கிளின் படத்தைக் காட்டினார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல் மெல்லிய போர்வை போர்த்தியிருந்தது.

“என்னைவிட ஆறு வயது மூத்தது. மழையில் வெளியே எடுப்பதில்லை. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கி வைப்பேன். பழைய வண்டிக்கு ஒரு குணம் இருக்கும், இல்லையா? நீங்களும் உங்களைவிட மூத்த வண்டி ஓடியதாகச் சொன்னீர்களே. கொடுத்து வைத்தவர்!”

வாயில் இருந்த பாணை விழுங்கிவிட்டுச் சொன்னேன். “மார்க்குஸ், நான் அதை ஆசைப்பட்டு ஓடவில்லை. வேறு வண்டி இல்லை என்பதால் ஓடினேன். அது நடுவழியில் குணம் காட்டினால் எனக்குப் பரீட்சை போய்விடும்.”

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மேசையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நான் குளிர்ந்த இலைகளைச் சாப்பிட்டேன்.

எங்கள் வண்டி தொண்ணூறு சிசி. நான் பிறக்கப் பத்து வருடத்துக்கு மேல் முந்திச் செய்தது. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு அப்பா அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். சட்டம் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது. பெற்றோல் தாங்கி பச்சை, மட்கார்ட் சிவப்பு. அப்பா மேசன் வேலைக்குப் போகிறவர். பெயர்ப்பலகைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார். உயர்தரக் கணித வகுப்பு எங்களுக்குக் கிளிநொச்சி நகரத்தில்தான் இருந்தது. வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். சில மாதங்கள் அப்பா ஏற்றி இறக்கினார். வேலை தூரமாகி, லொறியில் விடியவே போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குளக்கட்டில் வைத்து என்னை முன்னால் ஏறச் சொன்னார்.

“முறுக்கேக்க அவசரப்படாதை. விழுந்தாலும் அழாதை. வண்டியை நிமித்திப்போட்டு அழு.”

விழுந்தேன். நிமிர்த்தினேன். அழ நேரம் இருக்கவில்லை.

அந்த வண்டி ஒரு காலையிலும் முதல் உதையில் கிளம்பியதில்லை. கிக்கர் திருப்பி அடித்து என் கணுக்காலில் ஒரு தழும்பு. மழை என்றால் பிளக்குக்குச் சொப்பிங் பை சுற்றுவேன். கார்புரேட்டர் அடைத்தால் கொண்டையிலிருந்து ஊசியை உருவித் துவாரத்தைக் குத்துவேன். வெள்ளைச் சீருடையில் செயின் எண்ணெய் படும். அதை மண்ணெண்ணெயில் கழுவினால் மணம் போகாது. நான் வகுப்புக்குள் நுழைய, பின்வாங்கில் யாராவது, “மண்ணெண்ணெய்க் கடை திறந்திட்டாங்கள்” என்பார்கள். இதில் எதையும் குணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போதுதான் சுவிஸிலிருந்து சித்தப்பா, அப்பாவின் தம்பி, தொலைபேசியில் வந்தார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். வீடு முழுக்கக் கேட்டது.

“அண்ணை, குமர்ப்பிள்ளையை மோட்டச்சைக்கிள்ல விட்டிருக்கிறியாம். ஊர் என்ன கதைக்கும்? உந்தப் படிப்பு கிடக்கட்டும், மறிச்சு வை.”

“அப்ப நீ வந்து ஏத்தி இறக்கு,” என்றார் அப்பா. அத்துடன் அழைப்பு முடிந்தது. அந்த வண்டியிலேயே நான் பரீட்சைக்குப் போனேன். பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், கிடைத்தது. அதன்பிறகு சித்தப்பா சுவிஸ் முழுக்க என் படிப்பைச் சொல்லித் திரிந்தார் என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்ததும் டிராமில் கோயிலுக்குப் போனேன். பல சமயத்தாருக்கும் ஒரே கட்டடம். ஒரு கதவால் போனால் நம்முடைய கோயில். சூடான சோறும் பருப்பும் கிடைத்தன. பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அக்கா ஒருவர் என் ஊரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், மூன்றாவதாகக் கலியாணத்தைக் கேட்டார்.

“இன்னும் இல்லை அக்கா.”

“ஐயோ! இவ்வளவு படிச்சுமோ?”

சோறு நன்றாக இருந்தபடியால் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஊஸ்டருக்குப் புறப்பட்டேன். சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. சூரிச்சில் ரயில் மாறுவதெல்லாம் சரியாக நடந்தது. ஊஸ்டர் வந்தது. பெட்டியுடன் கதவருகே போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. வெளியே மேடையில் என் சித்தப்பா மகள் அபி கண்ணாடியைத் தட்டி, விரலால் எதையோ குத்திக் குத்திக் காட்டினாள். நானும் கை காட்டினேன். ரயில் போய்விட்டது. இங்கே கதவுகள் தாமாகத் திறப்பதில்லை, பொத்தானை அமத்த வேண்டும் என்று அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருவர் விளக்கினார். எங்கள் ஊர் பஸ்ஸில் கதவே இல்லை. கொண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிடுவான்.

திரும்பி வந்தபோது அபி அதே மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். “அக்கா, நீங்கள் எனக்கு ராணி மாதிரிக் கை காட்டினீங்கள்!”

பதினைந்து வயது. சித்தப்பாவுக்குக் கலியாணமாகிக் கன காலத்துக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை. என் பெட்டியை வாங்கிய கையில் நகங்களின் ஓரமெல்லாம் கறுப்பு.

அந்தக் கறுப்புக்கான காரணம் வீட்டின் நிலக்கீழ் அறையில் நின்றது. மிதிகட்டை வைத்த ஒரு சின்ன மொப்பெட். இங்கே அதை ‘தோஃப்லி’ என்கிறார்கள். அவளுடைய அப்பா இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தது. பக்கத்துக் கிழவர் ஒருவர் எறிய வைத்திருந்ததை வாங்கி, அவளே கழற்றிப் பூட்டி ஓட வைத்திருக்கிறாள்.

இரவு பிட்டும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு சித்தப்பா விஷயத்துக்கு வந்தார். அபிக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் உயர்பள்ளியில் சேரப் புள்ளி இருக்கிறது. அவளோ மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச்சில் ‘லேர’ செய்யப்போகிறேன் என்கிறாள். சம்பளத்துடன் தொழில் பழகும் படிப்பு அது. கராச்காரருக்கு அவளைப் பிடித்துவிட்டது. பெற்றோரில் ஒருவர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் வைக்காவிட்டால் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்.

“உன்ர வாயால சொல்லு பிள்ளை,” என்றார் சித்தப்பா. “நாங்கள் சொன்னா ஏறாது. நீ படிச்சனீ. நான் முப்பது வருசமா அடுப்படியில வேகிறது இவள் ஒயில் பூசிக்கொண்டு திரியவோ?”

சித்தி தலை குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீட்டிலும் அவர் குரலைக் கேட்பது அரிது.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கோபம் அபியில்தான் வந்தது. நான் மழையில் விழுந்தெழும்பிப் போய்ப் பிடித்த படிப்பு இவளுக்கு வாசலில் வந்து நிற்கிறது. இவள் அதைக் காலால் தள்ளுகிறாள். சாப்பிட்டதும் நிலக்கீழ் அறைக்குப் போனோம்.

“உனக்கு என்ன விசரோ? இந்தப் படிப்புக்கு நாங்கள் என்ன பாடு பட்டனாங்கள் தெரியுமோ?”

“தெரியும் அக்கா. அப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுறவர். குப்பி விளக்கு, குப்பி விளக்கு எண்டு.”

“என்ன குப்பி விளக்கு?”

“நீங்கள் கரண்ட் இல்லாமல் குப்பி விளக்கில படிச்சனீங்களெல்லோ. நான் போன் பாத்தாலும் உங்கட விளக்குத்தான். கணக்கில குறைஞ்சாலும் உங்கட விளக்குத்தான்.”

“மோட்டச்சைக்கிள் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“எந்த மோட்டச்சைக்கிள்?”

லேர முடித்தாலும் பிறகு மேலே படிக்க வழி இருக்கிறது, அதை அப்பா காதில் போடுகிறாரில்லை என்று அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். நான் படுக்கப் போனேன். நித்திரை வரவில்லை. என்னை ஒரு விளக்காக்கி, அந்த விளக்கால் ஒரு பிள்ளைக்குச் சூடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமலே இத்தனை வருடம்.

ஞாயிற்றுக்கிழமை எம்மன்புரூக்கேயில் சித்தப்பாவின் கூட்டாளி ஒருவரின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது மஞ்சள் நீராட்டு விழா. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு வாடகை மண்டபம். உள்ளே யாழ்ப்பாணம். புகை மெஷின் புகை விட, பிள்ளையைப் புத்தம் புதிய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒரு பக்கமாக இருத்தி, கைப்பிடியில் பூச்சுற்றி, எஞ்சினைப் போடாமல் மாமன்மார் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கமரா முன்னால் போக, சனம் கை தட்டியது. என் பக்கத்தில் அபி பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் கூடி நின்றார்கள். நான் காற்றுக்காக அந்தப் பக்கம் போனேன். மோட்டார் சைக்கிள் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் முதல் வண்டியைச் சொன்னார்கள். சித்தப்பாவின் முறை வந்தது.

“எனக்கு வாய்ச்சது நான் பிறக்க முதல் செய்த வண்டி. பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் கிடையாது. ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடுறது. பின்னால ஒரே புகை. ஒருநாள் ஆளில்லாத தரவை வெளியில நிண்டிட்டுது. பொழுதுபடப்போகுது. இருந்த இடத்தில எஞ்சினைக் கழட்டி, சாரத்தில பரப்பி, துடைச்சுப் பூட்டினனெல்லே! ஒரே உதை!”

“அண்ணை அப்பவே எஞ்சினியர்!” என்று ஒருவர் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆசையில் வாய் விட்டேன்.

“சித்தப்பா, எங்கட வண்டியும் அப்பிடித்தான். நான் கொண்டை ஊசியால...”

“பிள்ளை, உள்ள பலகாரம் குடுக்கினம்,” என்றார் முதுகில் தட்டியவர். “போய் எடுங்கோ.”

அந்த நேரம் பார்த்து அபி கோப்பித் தட்டுடன் வந்தாள். சித்தப்பாவுக்கு உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. “இவள் எங்கட அண்ணையின்ர மகள். குப்பி விளக்கில படிச்சு கம்பஸ் போய், இப்ப பேர்ணில பயிற்சி. உவள் என்ர மகள், ரயர் கழட்டப் போறாவாம். நீங்களாவது புத்தி சொல்லுங்கோ.”

“நல்லதுதானே,” என்றார் இன்னொருவர். “மாப்பிள்ளையின்ர காருக்குச் செலவில்லாமல் ஒயில் மாத்தலாம்.”

“மாப்பிள்ளை ஆர் வருவான், கையைப் பாத்தா?”

மறுபடி சிரிப்பு. அபி தட்டைப் பிடித்தபடி நின்றாள். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவள் அழவில்லை.

“சித்தப்பா,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நான் குப்பி விளக்கில படிக்கேல்லை. எங்கட வீட்டில கரண்ட் இருந்தது. நான் மோட்டச்சைக்கிள்ல போய்ப் படிச்சனான். என்னைவிட வயசு கூடின ஒரு ஓட்டை வண்டி. அதைக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்சதாலதான் நான் கம்பஸ் போனனான். என்னை மறிச்சு வைக்கச் சொல்லி அப்பாவுக்குப் போன் எடுத்தது நீங்கள். அவர் கேட்டிருந்தா நான் இண்டைக்குப் பேர்ணுக்கு வந்திருக்க மாட்டன். நீங்கள் கழட்டினா எஞ்சினியர், இவள் கழட்டினா மாப்பிள்ளை வரமாட்டான். என்ர படிப்பை எடுத்து இவளுக்கு அடிக்காதேங்கோ.”

ஒருவரும் சிரிக்கவில்லை. முதுகில் தட்டியவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

சித்தப்பா மெதுவாகச் சொன்னார். “நல்லாப் படிச்சிருக்கிறாய் பிள்ளை. சபையில தலை குனிய வைக்கிற அளவுக்குப் படிச்சிருக்கிறாய்.”

காரில் ஊஸ்டர் திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே, சித்தப்பா யாரையும் பார்க்காமல், “நான் கையெழுத்து வைக்கமாட்டன். முடிஞ்சுது,” என்றார். அபி என்னைப் பார்த்த பார்வையில் நன்றியில்லை. நான் வாயைத் திறக்காதிருந்தால் திங்கட்கிழமைக்குள் அவரை எப்படியாவது இளக்கியிருப்பாள் என்று அது சொன்னது. இருக்கலாம். சபையில் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அதற்கான தண்டனை அவளுக்குப் போனது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

திங்கட்கிழமை சித்தப்பா விடிய முன்னர் வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் சித்தி வேலையால் வந்தார். ஜக்கெட்டைக் கழற்றவில்லை.

“பிள்ளை, வெளிக்கிடு. அபி பள்ளிக்கூடத்தால வந்திட்டாள்தானே? அவளையும் கூப்பிடு.”

“எங்க சித்தி?”

“கராச்சுக்கு.”

பஸ்ஸில் அபி முன் இருக்கையில் இருந்தாள், திரும்பிப் பார்க்கப் பயந்ததுபோல. சித்தி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நேற்று அவர் சொன்ன வண்டி இருக்கெல்லே, கலியாணம் முடிச்ச புதுசில நானும் அதிலதான் திரிஞ்சனான். பின்னால. எல்லாரும் கேப்பினம், எந்த றோட்டால போனனீங்கள், வழியில ஆரைக் கண்டனீங்கள் எண்டு. எனக்கு ஒண்டும் தெரியாது. பின்னால இருந்தா அவற்ற முதுகுதான் தெரியும்.” கைப்பையைத் திறந்து மூடினார். “இஞ்ச வந்தும் அப்பிடித்தான். எல்லாத்துக்கும் அவர்தான் கையெழுத்து. நான் ஒரு இடமும் வைச்சதில்லை.”

கராச்சில் எண்ணெயும் ரப்பரும் மணத்தன. முதலாளி உர்ஸ், வெள்ளைத் தாடி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சித்திக்குக் கைகொடுத்தார். ஒப்பந்தத்தை மேசையில் வைத்துப் பேனையை நீட்டினார். சித்தி பேனையை வாங்கினார். வாங்கிவிட்டுத் தன் துண்டு துண்டு ஜெர்மனில் கேட்டார், “பொம்பிளைப் பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே?”

“இப்போது யாருமில்லை. அபிதான் முதல் ஆள்.”

“உடுப்பு மாற்றுகிற அறை?”

“இருக்கிறது. எல்லோருக்கும் ஒன்று.”

சித்தி பேனையை மேசையில் வைத்தார்.

“அம்மா!” என்றாள் அபி. “அம்மா, ப்ளீஸ்...”

“நீ சும்மா இரு.” சித்தி உர்ஸின் முகத்தைப் பார்த்தபடியே ஜெர்மனில் தொடர்ந்தார். “நான் ஆஸ்பத்திரியில் எல்லா அறையும் துடைக்கிறேன். பூட்டு இல்லாத அறை எப்படி என்று எனக்குத் தெரியும். பூட்டும் திறப்பும் வேண்டும். அவளுக்கு மட்டும். பிறகு கையெழுத்து.”

உர்ஸ் தாடியைச் சொறிந்தார். ஒத்துக்கொள்வாரா, போகச் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய், ரயர் அடுக்கியிருந்த ஒரு சிறிய அறையைத் திறந்து காட்டினார். சித்தி உள்ளே நுழைந்தார். கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். வெளியே வந்து, பூட்டிலிருந்து உருவிய திறப்பை அபியின் கையில் வைத்தார்.

“நாளைக்கு ரயர் எல்லாம் எடுத்துவிடுகிறேன்,” என்றார் உர்ஸ்.

“இன்றைக்கு,” என்றார் சித்தி.

கையெழுத்து வைக்க நேரம் எடுத்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் வைத்தார். முடிந்ததும் உர்ஸ் கேட்டார், “உங்கள் கணவர் வரவில்லையா?”

“அவர் சமைக்கிறார்,” என்றார் சித்தி.

இரவு சித்தப்பாவுக்கு அபியே சொன்னாள். நான் சத்தம் எதிர்பார்த்தேன். அவரோ சோற்றைப் பிசைந்தபடி சித்தியைப் பார்த்து, “நீர் வைச்சனீரோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “உன்ர பிளைட் நாளைக்கு எத்தினை மணிக்கு?”

“பத்தரைக்கு சித்தப்பா.”

“ரயில் இருக்கு.”

காரில் கொண்டுபோய் விடுவதாக அவர் ஒரு மாதமாகச் சொல்லிவந்தவர். அடுத்த நாள் லீவும் எடுத்திருந்தார். காலையில் நான் பெட்டியுடன் வந்து நின்றபோது சோபாவில் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியும் அபியும் ஸ்ரேசனுக்கு வரச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சித்தப்பா, போறன்,” என்றேன்.

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எங்களில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வோம், சண்டை பிடித்தாலும். நான் தெரிந்துதான் சொன்னேன்.

“போட்டு வாறன் எண்டு சொல்லு,” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“நீங்கள் ஒருக்காக் கராச்சுக்குப் போய்ப் பாருங்கோ. அதுக்குப் பேந்து போனில அதைச் சொல்லுறன்.”

நான் ஊர் வந்து இரண்டு மாதமாகிறது. அபி கிழமைக்கு ஒருமுறை எழுதுகிறாள். அவளுடைய அப்பா இன்னும் கராச் பக்கம் போகவில்லையாம். நானும் இன்னும் ‘போட்டு வாறன்’ சொல்லவில்லை.